போர்க்களம் சென்ற பேராசிரியர்

வீரன் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? உருவிய வாளும், பாயும் குதிரையும், வெற்றி முரசும்தாம். வென்றவனுக்கு மாலை சூட்டுகிறோம், தோற்றவனை மறந்துவிடுகிறோம். ஆனால் வென்ற பின் ஒருவன் தோற்றவனிடம் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பதே வீரத்தின் உரைகல் என்போம் நாம். இதற்கு அமெரிக்கரான ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லினின் வாழ்க்கையே சான்று.

1828-ஆம் ஆண்டு மெய்ன் மாநிலத்தில் பிறந்த இவர், அங்குள்ள போடின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அடிமை முறையை விட மறுத்த தென் மாநிலங்கள் தனி நாடு கோரிப் பிரிந்தபோது, 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு, ஐரோப்பா சென்று மொழிகள் பயிலக் கல்லூரி இவருக்கு விடுப்பு அளித்தது. இவரோ ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறவில்லை. வட மாநிலங்களின் படையில் சேர்ந்தார்!

1863 மே மாதத்தில் கீழ்ப்படிய மறுத்த 120 வீரர்கள் இவர் பொறுப்பில் விடப்பட்டனர். பணிய மறுத்தால் சுட்டுவிடவும் இவருக்கு அதிகாரம் இருந்தது. இவர் துப்பாக்கியை எடுக்கவில்லை. பசித்திருந்த அவர்களுக்கு முதலில் உணவளித்தார். அவர்களுடைய குறையைக் கேட்டார். சிலரைத் தவிர அனைவரும் மீண்டும் பணிக்குத் திரும்பினர். அதே ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் கெட்டிஸ்பர்க்கில் ஒரு குன்றைக் காத்து நின்றபோது தோட்டாக்கள் தீர்ந்துபோயின. துப்பாக்கி முனைக் கத்திகளுடன் பாயுமாறு ஆணையிட்டு, எதிரியை விரட்டினார். அன்பு காட்டுபவர் கோழையல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1865 ஏப்ரல் 12-ஆம் நாள் அப்பொமாட்டாக்ஸ் என்னும் ஊரில், சரணடைந்த தென் மாநிலக் காலாட்படையினர் ஆயுதங்களை ஒப்படைக்க வந்தனர். அதைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு சேம்பர்லினுக்கு. அவர் எள்ளி நகையாடவில்லை. வெற்றி முழக்கமும் எழுப்பவில்லை. தலைகுனிந்து வந்தவர்களுக்குத் தம் படையினரை இராணுவ மரியாதை செய்யச் சொன்னார். எதிர்த் தளபதி கார்டனும் நிமிர்ந்து, பதில் மரியாதை செய்தார்.

“அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களுக்கு மரியாதையா?” என்று தோழியர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவர் வணங்கியது அவர்களின் கொள்கையை அன்று. அக்கொள்கையை எதிர்த்து இரத்தம் சிந்தியவர் அவர். தோற்ற மனிதரின் துன்பத்தையே அவர் மதித்தார். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. வடக்கும் தெற்கும் கைகுலுக்கிக்கொண்ட வேகத்தில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளை அந்நாடு நெடுங்காலம் கைவிட்டது. பகைவரை மன்னிப்பது உயர்ந்த பண்பு. பாதிக்கப்பட்டவரை மறந்துவிட்டு மன்னிப்பதோ அரைகுறை நீதி.

போருக்குப் பின் மெய்ன் மக்கள் இவரை நான்கு முறை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தனர். பதவி முடிந்ததும் தம் கல்லூரிக்கே தலைவராகத் திரும்பினார். 1880 சனவரியில் தேர்தல் தகராறால் அம்மாநிலத் தலைநகரில் ஆயுதம் ஏந்திய கூட்டம் கூடியபோது, மாநிலக் காவற்படைத் தலைவர் என்ற முறையில் இவர் அமைதி காத்தார். எந்தக் கட்சிக்கும் சாயாமல் நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை உறுதியாக நின்றார். 1864-இல் இடுப்பில் பாய்ந்த குண்டின் வேதனையை ஐம்பது ஆண்டுகள் சுமந்து, 1914-இல் கண்மூடினார்.

அன்புத் தோழியரே! நம் கைகளில் வாள் இல்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் தேர்வு முடிவு வரும் நாளிலும் வெற்றி தோல்விகள் உண்டு. கோப்பையை உயர்த்திப் பிடிக்கும் கைகள், தோற்ற அணியின் கைகளையும் பற்றட்டும். மதிப்பெண் குறைந்தவளைப் பார்த்துச் சிரிக்கும் வகுப்பில் முதலிடம் பெறுவதில் என்ன பெருமை? வெல்லக் கற்போம், வென்ற பின் வணங்கவும் கற்போம்!