சாய்ந்த மரத்துக்கும் கணக்கு வேண்டும்

புயல் என்றால் கடலோர மாவட்டத்துக்காரர்களின் கவலை என்றுதான் கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கம் நெடுநாள் நினைத்திருந்தோம். கடலூரிலும் நாகையிலும் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், நமக்கு ஏரி நிரம்பும் அளவுக்கு மழை கிடைத்தால் போதும் என்று இருந்தோம். 2024 டிசம்பர் முதல் தேதி இரவோடு அந்த நினைப்பு போய்விட்டது.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் இது பாதிக்கும் மேல். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்குப் போனது. அணை திறக்கப்பட்டதும் விழுப்புரம், கடலூர் வரை வெள்ளக்காடானது. கரையில் இறங்கிய புயல் 150 கிலோமீட்டர் உள்ளே வந்து, நம் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் கரைக்கே போனது. இதில் எது கடலோரப் பாதிப்பு, எது உள்மாவட்டப் பாதிப்பு?

வண்டி அடித்துப் போனது படமாக வந்தது. தோட்டத்தில் நடந்தது படத்தில் வரவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

ஈர மண்ணும் இளங்காற்றும்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், மரத்தின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஆனால் மரம் விழுவது காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்தது அல்ல. வேரைப் பிடித்திருக்கும் மண்ணையும் பொறுத்தது. நம் பகுதியில் பெரும்பாலும் செம்மண். இரண்டு, மூன்று அடிக்குக் கீழே பல இடங்களில் சுக்கான் அல்லது பாறை. மா வேர் அதற்கு மேல் பக்கவாட்டில்தான் பரவியிருக்கும். மண் முழுக்க ஊறிவிட்டால் வேரின் பிடி தளர்ந்துவிடும். காய்ந்த மண்ணில் அசையாத மரம், ஊறிய மண்ணில் 40 கிலோமீட்டர் காற்றுக்கே சாய்ந்துவிடும். கரையில் வீசிய வேகம் நம் ஊரில் இல்லையே, அப்புறம் எப்படி மரம் சாயும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சாய்ந்த மரம் உடனே சாவதில்லை. ஒரு பக்க வேர் அறுந்திருக்கும், மறுபக்க வேர் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும். பனிக்காலம் முழுதும் பச்சையாகவே நிற்கும். பூவும் எடுக்கலாம். மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறி, காயும் கனத்தபின் இலை வாடத் தொடங்கும். அதற்குள் கணக்கெடுக்க வந்தவர்கள் பதிவேட்டை மூடிவிட்டிருப்பார்கள். "மரம் நிக்குதே, இதை எப்படிச் சேதம்னு எழுதறது?" என்று கேட்டதாக விவசாயிகள் என்னிடம் சொல்வதுண்டு. எழுதும் அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் படிவம் அப்படி.

ஒரு மாமரத்துக்கு 225 ரூபாய்

ஃபெஞ்சலுக்குப் பிறகு அரசு அறிவித்த நிவாரணம் இது: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500. இது பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய விதிமுறையை ஒட்டிய தொகை.

நெல்லுக்கும் ராகிக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. மாவுக்குப் பொருந்துமா? 30 அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏக்கருக்கு 40 முதல் 50 மரம். ஹெக்டேருக்கு 100 என்றே வைத்துக்கொள்வோம். மரத்துக்கு 225 ரூபாய். வீழ்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தும் கூலிக்கே அது போதாது. புதிய ஒட்டுக்கன்று நட்டு நல்ல மகசூல் காண ஏழெட்டு ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகளின் வருமானம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இதை மாற்ற முடியாது என்பதில்லை, ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் தரைமட்டமாயின. அப்போதும் மத்திய விதி ஹெக்டேர் கணக்குதான். ஆனால் மாநில அரசு, விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் என மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது. அந்தத் தொகையும் தென்னைக்கு ஈடாகாது என்று டெல்டா விவசாயிகள் சொன்னது நியாயமே. ஆனாலும் மரத்தை மரமாக எண்ண வேண்டும் என்ற முறை அங்கே வந்துவிட்டது. கடலோரத் தென்னைக்கு வந்த முறை உள்மாவட்ட மாவுக்கும் வர வேண்டும்.

என் கோரிக்கை மூன்று. முதலாவது, மரப் பயிர்களுக்கு ஹெக்டேர் கணக்கை விட்டு, வயதை வைத்து மரத்துக்கு இவ்வளவு என்று வகுக்க வேண்டும். இரண்டாவது, புயலுக்குப் பின் முதல் கணக்கெடுப்போடு நிறுத்தாமல், சாய்ந்த மரங்களைத் தனியாகக் குறித்து, கோடையில் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் தனி வயலாகச் சேதம் மதிப்பிடும் பட்டியலில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் பற்றும் தீ ஆகியவை உண்டு. சூறைக்காற்று இல்லை. நம் மாவட்டத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று, இரண்டு மூன்று கிலோமீட்டர் அகலத்தில் வீசிவிட்டுப் போகும். ஒரு தோப்பில் பெங்களூரா காய் அத்தனையும் தரையில் கிடக்கும், அடுத்த ஊரில் இலைகூட உதிர்ந்திருக்காது. முற்றாத காயைக் கூழ் ஆலைகள் எடுப்பதில்லை. ஊறுகாய்க்குக் கிடைத்த விலைக்குப் போகும். பிர்கா முழுவதற்கும் சராசரி எடுத்தால் அந்தத் தோப்புக்காரரின் நட்டம் கரைந்து போய்விடும்.

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்பதோடு நம் பங்கையும் பார்க்க வேண்டும். காற்று வழக்கமாக எந்தத் திசையில் அடிக்கும் என்பது அவரவருக்குத் தெரியும். அந்த வரப்பில் இரண்டு வரிசை சவுக்கு வையுங்கள். காற்றுத் தடுப்புக்கென்றே சவுக்கு ரகங்களைக் கோவையில் உள்ள வன மரபியல் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. மரத்தின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். சுவர் போல் அடைத்துவிடக் கூடாது. பாதிக் காற்று ஊடுருவ வேண்டும். முழுக்கத் தடுத்தால் காற்று மேலேறி, உள்ளே சுழன்று அடிக்கும்.

அறுவடை முடிந்ததும் மாவில் உள்கிளைகளைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறையுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் பாசனத்தை நிறுத்துங்கள். தென்னையில் முற்றிய காயையும் அடிமட்டைகளையும் இறக்குங்கள். வாழைக்கு முட்டுக் கொடுங்கள். மரவள்ளியில் வடிகால் எடுங்கள், தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும்.

இளம் மா சாய்ந்தால் ஈரம் காயுமுன், இரண்டு மூன்று நாளில் நிமிர்த்துங்கள். தழையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, முட்டுக் கொடுத்து, மண் அணையுங்கள். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். வேர்ப்பகுதியில் காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து ஊற்றுங்கள். வயதான மரத்தை இயந்திரம் வைத்து நிமிர்த்தினால் மீதி வேரும் அறும். தழையைக் கழித்து, இருந்தபடியே மண் அணைப்பது நல்லது.

எதையும் வெட்டி அகற்றும் முன் தேதியும் இடமும் தெரியும்படி படம் எடுங்கள். காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் அடங்கலில் எத்தனை மரம், என்ன வயது என்று எழுதியிருக்கிறதா? மரத்தை மரமாக எண்ணச் சொல்லிக் கேட்கும் நாம், நம் மரங்கள் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பார்த்திருக்க வேண்டும். இந்த மாதமே கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று சரிபாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த மூன்று கோரிக்கைகளையும் மனுவாகக் கொடுப்போம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்ய நேரம் இருக்கிறது.