மார்கழிக் குளிருக்கு ஒரு கிண்ணம்

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அடுப்படியைச் சேர்ந்தது. புகைவண்டி அலுவலக எழுத்தருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று தாய்மார்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

நாம் குடியிருக்கும் பங்காருபாளையம் சித்தூருக்கும் பலமனேருக்கும் இடையே உள்ளது. இதற்கு மேற்கே மொகிலி மலைச்சாலை பலமனேர் மேட்டு நிலத்திற்கு ஏறுகிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் சித்தூர் செல்லப் பேருந்திற்கு நிற்கும்போது, காதைத் துண்டால் மூடாமல் இருக்க இயலாது. டில்லியில் வாழும் அன்பர்கள் இதனைக் குளிரென்றே ஒப்பமாட்டார்கள். ஆயினும் எழுபதைக் கடந்தவர்க்கு இதுவே மிகுதி.

சென்ற ஆண்டு நம் அன்னையார் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரை விட்டு நம்மோடு வந்து தங்கினார். பற்கள் பெரும்பாலும் விழுந்துவிட்டன. எல்லோரும் உண்ட பிறகே தாம் உண்பதாகச் சொல்லி வந்தார். அதனைத் தாய்மைக்குரிய பண்பென்றே நாம் எண்ணியிருந்தோம். ஒருநாள் பணியிலிருந்து முன்னதாகத் திரும்பியபோது, அவர் அடுப்படி மூலையில் அமர்ந்து, பொரியலை ஒதுக்கி வைத்துவிட்டு, மோரில் கரைத்த சோற்றை விழுங்கிக்கொண்டிருக்கக் கண்டோம். மெல்ல இயலாமையைப் பேரப்பிள்ளைகள் பார்த்துவிடலாகாது என்றே அவர் தனித்து உண்டார். குளிர் மிகவே மோர்ச்சோறும் குறைந்தது. கன்னங்கள் ஒட்டின.

காய்கறிகளை வேகவைத்து அரைத்துச் சூப் செய்து தரலாம் என்றார் நம் இல்லத்தரசியார். அன்னையாரோ, “ஏனப்பா, நான் என்ன காய்ச்சலில் கிடக்கிறேனா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் முயற்சியும் தோற்றது. தக்காளி மலிந்த மாவட்டமாயிற்றே என்று நான்கைந்து தக்காளிகளைச் சேர்த்து, கொதித்துக்கொண்டிருக்கும்போதே பாலை ஊற்றினோம். பால் திரிந்து, வெண்துகள்களாகப் பிரிந்து மிதந்தது. தக்காளியின் புளிப்பும் கொதிசூடும் சேர்ந்தால் பாலிலுள்ள புரதம் திரண்டுவிடும். ஆகவே பால் சேர்ப்பதாயின் தக்காளியை விட்டுவிடுதல் நன்று. தக்காளி வேண்டுமெனில் பாலை விட்டுவிடுதல் நன்று.

இப்போது நம் இல்லத்தில் செய்யும் முறை இது. நால்வருக்குப் போதும். காரட் 2, நடுத்தர உருளைக்கிழங்கு 1, வெங்காயம் 1, பூண்டு 4 பல், நறுக்கிய சுரைக்காய் ஒரு கோப்பை, பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி ஆகியவற்றை எடுத்துக்கொள்க. சுரைக்காயில் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். கசந்தால் முழுவதையும் எறிந்துவிடுக. கசக்கும் சுரைக்காய் நஞ்சாகும். வெங்காயத்தையும் பூண்டையும் ஒரு தேக்கரண்டி வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, மற்றவற்றையும் 3 கோப்பைத் தண்ணீரையும் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவிடுக. நன்கு ஆறிய பின்னரே மிக்சியில் அரைத்தல் வேண்டும். சூடாக அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிக் கையைச் சுட்டுவிடும்.

அரைத்ததை மீண்டும் கொதிக்கவிட்டு இறக்கி, காய்ச்சிய வெதுவெதுப்பான பால் ஒரு கோப்பை சேர்த்துக் கலக்குக. பிறகு கொதிக்கவிட வேண்டாம். உப்பும் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும் இறுதியில் சேர்க்கலாம்.

பாலாடையை விலைகொடுத்து வாங்கினால்தான் சூப் கொழகொழப்பாகும் என்று பலர் எண்ணுகின்றனர். அது வேண்டுவதில்லை. உருளைக்கிழங்கின் மாவும் பாசிப்பருப்பும் வெந்து கரைந்து அந்தப் பதத்தைத் தந்துவிடும். பருப்பில் புரதமும் உண்டு. வெண்ணெய் சுவைக்கு மட்டுமன்று. காரட்டின் மஞ்சட் சத்தை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு வேண்டும். வெந்த நீரைக் கொட்டாததால் அதில் கரைந்த சத்தும் வீணாவதில்லை. இன்னும் கெட்டியாக வேண்டுவோர், இவ்வூரார் சங்கடி கிளறும் ராகி மாவில் ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்து, பால் சேர்க்குமுன் ஊற்றிக் கொதிக்கவிடலாம். சூடான நீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும்.

செய்முறை கைவந்தது. ஆனால் அன்னையாரின் மனம்? அதற்கு இருவழிகள் துணைசெய்தன. ஆங்கிலேயர் ‘முல்லிகட்டானி’ என்று பெருமையோடு அருந்தும் சூப், நம் மிளகுத்தண்ணீர் என்னும் சொல்லே என்றும், 18-ஆம் நூற்றாண்டிலேயே அது அவர்கள் மொழியில் ஏறிவிட்டது என்றும் எடுத்துரைத்தோம். “நம் மிளகுத்தண்ணீரா!” என்று முதன்முறையாகக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது வழியே முதன்மையானது. அன்றிரவு அவருக்கு மட்டும் தரவில்லை. பிள்ளைகள், நம் இல்லத்தரசியார், நாம் எல்லோருமே ஆளுக்கொரு கிண்ணத்துடன் அமர்ந்தோம். ராஜதானி வண்டியில் இரவுணவுக்கு முன் பயணிகளுக்குச் சூப் வழங்குகிறார்களே, அவர்களெல்லாம் நோயாளிகளா என்றும் கேட்டோம். எல்லோரும் ஒன்றையே அருந்தும்போது மெல்ல முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்ற வேறுபாடு எங்கே? அன்னையார் கிண்ணத்தைக் காலிசெய்து, “மிளகு இன்னும் கொஞ்சம் இருக்கலாம்” என்றார். அதனைக் கேட்டபோது நமக்குண்டான மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது.

அயலூர்களில் வாழும் நம்மவர் பலருடைய இல்லங்களில் ஊரிலிருந்து வந்த முதியோர் உள்ளனர். கடைசியில் உண்கிறேன் என்று அவர்கள் சொன்னால், அன்பர்களே, ஒருமுறை அவர்தம் தட்டை எட்டிப் பாருங்கள். பிறகு அடுப்பை மூட்டுங்கள். கிண்ணங்களை மட்டும் வீட்டிலுள்ளோர் தொகைக்குக் குறையாமல் எடுத்து வையுங்கள்.