மரத்தில் எழுதும் இயந்திரம்: வாங்கும் முன் சில வார்த்தைகள்



"அக்கா, வீட்டில் மரவேலை செய்ய ஒரு சி.என்.சி. ரவுட்டர் வாங்கலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் விளம்பரப் படங்களில் வராத சில விஷயங்களைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், அது என்ன? பலகையைக் குடைய தச்சர்கள் கையில் பிடிக்கும் ரவுட்டரை ஒரு சட்டத்தில் பொருத்தி, இடம்வலம், முன்பின், மேல்கீழ் என்று மூன்று வழிகளிலும் மோட்டார்கள் நகர்த்தினால் அதுதான் சி.என்.சி. ரவுட்டர். யோசனை பழையது. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கை வேலையிலிருந்து தொடங்கியதை, எம்.ஐ.டி. ஆய்வகம் 1952இல் எண்களால் இயங்கும் ஓர் இயந்திரமாக இயக்கிக் காட்டியது. அன்று பெரிய ஆலைக்கு மட்டும் உரியதாக இருந்தது இன்று நம் மேசைக்கு வந்துவிட்டது.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது 3018 என்ற வகை. பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். சிறிய பெயர்ப்பலகை, சாவி மாட்டும் பலகை செய்ய அது போதும். மேசைப் பலகை அறுக்க அதனால் ஆகாது. இயந்திரத்தின் விலையோடு செலவு முடிவதில்லை. பிட்டுகள், கிளாம்புகள், தூசி உறிஞ்சும் வாக்குவம், முகக்கவசம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வேலை மூன்று படிகளில் நடக்கும். கணினியில் படம் வரைகிறோம். பிட் எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில் போக வேண்டும் என்று இன்னொரு மென்பொருளில் பாதை அமைக்கிறோம். அந்தப் பாதை ஜி-கோடு என்ற வரிகளாக இயந்திரத்துக்குப் போகிறது. அந்த வரிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். G0 என்றால் வேகமாக நகர், G1 என்றால் வெட்டிக்கொண்டே நகர், M3 என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று, M5 என்றால் நிறுத்து. G21 மில்லிமீட்டர், G20 அங்குலம். இந்த இரண்டும் மாறினால் உங்கள் படம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ போய்விடும். ஆகவே கோப்பின் தொடக்க வரிகளை எப்போதும் வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது வேகம். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைப்போம். மரத்தில் அது உண்மையல்ல. பிட் சீவலாக வெட்ட வேண்டும். மிக மெதுவாகப் போனால் வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், மரம் கருகும். கணக்கு எளிது: ஸ்பிண்டிலின் சுற்று × பிட்டின் வெட்டு முனைகள் × ஒரு முனை எடுக்கும் சீவலின் தடிமன். நிமிடத்துக்கு 10,000 சுற்று, 2 முனை, 0.05 மி.மீ. சீவல் என்றால் நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகம். சிறிய இயந்திரம் அதைத் தாங்காவிட்டால் வேகத்தோடு சுற்றையும் குறையுங்கள். ஆழத்தை ஒரு தடவைக்கு அரை மி.மீ. என்று தொடங்கி, சத்தத்தைக் கேட்டுக் கூட்டுங்கள்.

தமிழில் பெயர் செதுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சில மென்பொருள்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பில் எழுதி, எழுத்தைக் கோடுகளாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோங்கள். எழுத்துகளை முழுக்க அறுத்தெடுக்கும் வேலையென்றால் சுழிகளின் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். முதல் பலகையில் எழுத்துகளைக் குழிவாகச் செதுக்குவதே நல்லது.

முதல் ஓட்டத்தை மரத்தில் செய்யாதீர்கள். பிட்டுக்குப் பதில் ஒரு பேனாவைக் கட்டி, காகிதத்தில் வரையவிடுங்கள். திசை தவறா, அளவு தவறா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். பிறகு பைன் மரத் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். கிளாம்ப் பிட்டின் வழியில் இல்லையென்று பார்த்த பிறகே தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள்.

இனி நர்ஸ் அக்காவாகப் பேசுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995இலேயே சேர்த்துவிட்டது. தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமாவும் வரலாம். கண்ணுக்குத் தெரியும் சீவல் கீழே விழுந்துவிடும். தெரியாத நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. எம்.டி.எஃப். பலகையின் தூள் மிக நுண்ணியது, அதில் பசையும் கலந்திருக்கிறது. நாங்கள் வார்டில் போடும் சாதாரண நீல முகக்கவசம் ஓரங்களில் காற்றை விடும், இதற்கு உதவாது. எஃப்.எஃப்.பி.3 வகை வேண்டும். அது முகத்தோடு ஒட்டினால்தான் பயன், தாடி இருந்தால் ஒட்டாது. தம்பிமார் கவனிக்கவும். படுக்கையறையில் இந்த இயந்திரத்தை வைக்க வேண்டாம். ஓடி முடிந்ததும் தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் வாக்குவத்தால் எடுங்கள்.

கண்ணாடி கட்டாயம். காதுக் காப்பும் கட்டாயம். பிரிட்டனில் நாள் சராசரி ஒலி 85 டெசிபலை எட்டும் வேலைத்தளங்களில் காதுக் காப்பு சட்டப்படி வேண்டும். வீட்டில் சட்டம் வந்து பார்க்காது, ஆனால் காது அதே காதுதான். மருத்துவமனையில் எதற்கும் கையுறை போடுவோம். இங்கே சுழலும் பிட்டின் அருகே கையுறை ஆகாது. அதன் நுனி சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும். நீண்ட முடி, சங்கிலி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் தொங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடுகிற இயந்திரத்தை விட்டுவிட்டுத் தேநீர் போடப் போகாதீர்கள். மழுங்கிய பிட் தேய்த்துக் கருக்கிய ஒரு பொறி வாக்குவப் பைக்குள் போனால், உள்ளேயே புகைந்து பிறகு தீப்பிடிக்கலாம். நிறுத்தும் பொத்தான் எப்போதும் கைக்கு எட்ட வேண்டும்.

வாங்கப் பணம் இல்லையா? பல ஊர்களில் ஹேக்ஸ்பேஸ் எனப்படும் பொதுப் பட்டறைகள் உண்டு. மாதச் சந்தா கட்டினால், தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று கற்றுத்தருவார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்தாலும் நல்லதே. தனியாக வாங்கி மூலையில் துணி போட்டு மூடிவைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் பலகை கோணலாக வந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கம் தேதியையும் வேகத்தையும் ஆழத்தையும் எழுதி வையுங்கள். பத்தாவது பலகையைச் செய்யும்போது அந்தக் குறிப்புதான் உங்களுக்கு ஆசிரியர்.

அன்புடன்,
உங்கள் அக்கா