சராசரி மறைக்கும் கணம்

வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. திரையில் விநாடிக்கு 60 ஃபிரேம் வந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படியானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி விநாடி. அதற்குள் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று பார்த்து, எதிரிகளை நகர்த்தி, சுவரில் மோதினோமா என்று கணக்கிட்டு, ஒலியைக் கலந்து, படத்தையும் வரைந்து முடித்தாக வேண்டும். முடித்த கையோடு அடுத்தது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லி விநாடியில் வந்துவிட்டு, ஒன்று மட்டும் 174 மில்லி விநாடி இழுத்தாலும் அந்த விநாடிக்கு மொத்தம் 60தான். சராசரியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆடுகிறவருக்கோ அந்த ஒரு ஃபிரேமில் திரை உறைந்துவிடும். தாண்டிக் குதித்தவன் பள்ளத்தில் விழுந்து கிடப்பான். என் தங்கை மகன் இதைத்தான் "லேக் அடிக்குது மாமா" என்பான். திரை மூலையில் இருக்கும் எண் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணைவிட அவன் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

இரவுப் பணி வரும் வாரங்களில் இந்த ஓட்டையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். ஊர் அடங்கியிருக்கும் நேரம் அமெரிக்காவுக்குப் பகல். சர்வர்களுக்கு முழுச் சுமை. வரைபடத்தில் சராசரிக் கோடு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். 99 பேருக்கு 40 மில்லி விநாடியில் பதில் போய், நூறாவது ஆள் 3 விநாடி காத்துக் கிடந்தாலும் சராசரி 70 மில்லி விநாடியைத் தொடாது. எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது. அந்த நூறாவது ஆள் யார், என்ன அவசரத்தில் இருந்தார் என்று அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கடைசி ஒரு சதவீதத்தைத் தனியாக அளக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் மேலிடத்துக்குப் போகும் அறிக்கைகளில் சராசரிதான் முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பழக்கம் கல்லூரியிலேயே ஒட்டிக்கொள்கிறது என்பது என் எண்ணம். பொறியியல் படித்தவர்களுக்கு டைனோசர் அட்டை போட்ட சில்பர்ஷாட்ஸ் புத்தகம் நினைவிருக்கும். நான்கைந்து ப்ராசஸ்களைக் கொடுத்து, எதை எந்த வரிசையில் ஓட்டுவது என்று கேட்பார்கள். முதலில் வந்ததற்கு முதல் இடம், சின்ன வேலைக்கு முதல் இடம், ஆளுக்குக் கொஞ்ச நேரமாகச் சுற்றிவரும் ரவுண்ட் ராபின் என்று ஒவ்வொன்றுக்கும் கான்ட் சார்ட் போட்டு, சராசரிக் காத்திருப்பு நேரம் கண்டுபிடித்தால் முழு மதிப்பெண். மிக அதிகமாகக் காத்திருந்தது எது, அதனால் என்ன கெட்டது என்று கேட்ட வினாத்தாள் எதையும் நான் பார்த்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் கடைசியாக நிற்கும் பாட்டியிடம் சராசரியைச் சொன்னால் அவர் கால்வலி தீருமா?

அந்தக் கடைசி ஆளின் நியாயத்தை இயங்குதளக்காரர்களிடம் விடாமல் எடுத்துச் சொன்னவர்கள் வீடியோ கேம் ஆடியவர்கள்தான். வெட்டிப் பொழுதுபோக்கு என்று வீட்டிலும் அலுவலகத்திலும் தள்ளிவைக்கப்படும் ஒன்றுக்கு நம் தொழில் இவ்வளவு கடன்பட்டிருப்பதை யாராவது சொல்லியாக வேண்டும்.

யூனிக்ஸ் பிறந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1969இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகியது. நியூ ஜெர்சியின் முர்ரே ஹில்லில் வேலை பார்த்த கென் தாம்சன், மல்டிக்ஸில் 'ஸ்பேஸ் டிராவல்' என்று ஒரு விளையாட்டை எழுதி வைத்திருந்தார். சூரியக் குடும்பத்தின் கோள்களும் நிலவுகளும் நகர்ந்துகொண்டிருக்கும். ஆடுகிறவர் விண்கலத்தை ஓட்டிப்போய் அவற்றில் இறங்க முயல வேண்டும். பிறகு அதை ஜிஇ 635 என்ற பெரிய கணினிக்காக ஃபோர்ட்ரானில் மாற்றி எழுதினார். அங்கே அது சரிப்படவில்லை. ஓர் ஆட்டத்துக்குக் கணினி நேரச் செலவு சுமார் 75 டாலர் ஆனது என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் எழுதினார். எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த 75 டாலரைத்தான். அதற்கு முன்னால் ரிச்சி குறிப்பிடும் முதல் குறை வேறு: காட்சி தடுமாறித் தடுமாறி நகர்ந்தது, கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்ட வேண்டியிருந்ததால் கலத்தைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாக இருந்தது. என் தங்கை மகனின் புகாரேதான்.

தாம்சன் யாரும் அதிகம் தொடாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியைத் தேடிப் பிடித்தார். வேலைத் திறனில் அது பெரிய கணினியின் பக்கத்தில்கூட நிற்க முடியாதது. ஆனால் அருமையான காட்சித்திரை இருந்தது. அதோடு, பங்குக்கு வேறு ஆள் இல்லை. தாம்சனும் ரிச்சியும் விளையாட்டை அதற்காக முழுக்க அசெம்பிளி மொழியில் மாற்றி எழுதினார்கள். நிரலைப் பெரிய கணினியில் தயாரித்து, துளையிட்ட காகித நாடாவாக எடுத்து, கையில் தூக்கிக்கொண்டு போய் பிடிபி-7இல் ஏற்ற வேண்டும். அந்த அலைச்சலில்தான் அந்த இயந்திரத்தின் நெளிவு சுளிவுகள் அவர்களுக்குக் கைவந்தன. அந்தக் கோடையில் தாம்சனின் மனைவி குழந்தையோடு கலிஃபோர்னியா போயிருந்த வாரங்களில், யூனிக்ஸின் மையமான கெர்னல், ஷெல், எடிட்டர், அசெம்பிளர் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு வாரம் என்று ஒதுக்கி அவர் எழுதி முடித்தார்.

விளையாட்டிலிருந்தே யூனிக்ஸ் பிறந்தது என்றால் அது மிகை. அதன் கோப்பு முறைமையைத் தாம்சன், ரிச்சி, ரட் கானடே மூவரும் தனியாக யோசித்துத் தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். ஆனால் பெரிய இயந்திரத்தின் மொத்த வேலைத்திறனை விட்டுவிட்டு, விரலுக்கு உடனே பதில் சொல்லும் சின்ன இயந்திரத்திடம் ஓடியது ஒரு விளையாட்டுக்காகத்தான். இன்று என் முன்னால் ஓடும் லினக்ஸ் சர்வர்கள் அந்த வழியில் வந்தவை.

லினக்ஸிலும் இதே வழக்கு திரும்ப வந்தது. கான் கொலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். கணினி அவருக்குத் தொழில் இல்லை. வீட்டில் ஒரு பக்கம் கனமான வேலை ஓடும்போது பாட்டு விக்குவதையும் மவுஸ் திணறுவதையும் பொறுக்க முடியாமல், தானே சி மொழி கற்று, கெர்னலின் ஷெட்யூலரை மாற்றி எழுதத் தொடங்கினார். எந்த நிரல் அடுத்து ஓட வேண்டும், எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி அது. கெர்னலிலேயே மிகவும் நுணுக்கமான இடம். எல்லா நிரலுக்கும் நேரத்தை நியாயமாகப் பங்கிட்டாலே திணறல் போய்விடும் என்பது அவர் வாதம். 2007இல் லினக்ஸ் 2.6.23இல் புதிய ஷெட்யூலர் வந்தது. ஆனால் அது இங்கோ மோல்னார் எழுதியது. நியாயப் பங்கீடு என்ற யோசனையில் கொலிவாஸின் பங்கை மோல்னார் வெளிப்படையாகச் சொன்னார். கொலிவாஸ் அதே ஆண்டு கெர்னல் வேலையிலிருந்து ஒதுங்கினார். பெரிய சர்வர்களையே கண்ணில் வைத்துக் கெர்னலை வளர்க்கிறார்கள், வீட்டுக் கணினியைக் கவனிக்க ஆளில்லை என்பது அவருடைய ஆதங்கம். 2009இல் இன்னொரு ஷெட்யூலரோடு திரும்பி வந்தார். அந்த ஆதங்கத்தைச் சர்வர் பக்கம் உட்கார்ந்திருக்கும் நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

வீட்டுக் கணினியின் பக்கம் பணத்தோடு ஒரு நிறுவனம் வந்து நின்றது பின்னால்தான். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ், 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்க 1993 முதல் தன்னார்வலர்கள் செதுக்கிவந்த வைன்தான் அதன் அடித்தளம். விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட விளையாட்டுகள் லினக்ஸில் ஓடின. ஆனால் திணறின.

காரணங்களில் ஒன்றைக் கொஞ்சம் விளக்கத் தோன்றுகிறது. இன்றைய விளையாட்டு பல த்ரெட்களாகப் பிரிந்து ஓடுகிறது. ஒரு த்ரெட், "இந்த ஐந்தில் எது முதலில் நடந்தாலும் என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகும். விண்டோஸ் கெர்னலில் இதற்கு நேரடி வசதி உண்டு. லினக்ஸில் அப்போது அதே பொருளில் இல்லை. அதனால் வைன், ஒவ்வொரு தூக்கத்துக்கும் விழிப்புக்கும் வேறொரு ப்ராசஸிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தது. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் இந்த நடை. பெரும்பாலான முறை தாமதம் தெரியாது. எப்போதோ ஒருமுறை 16 மில்லி விநாடி தாண்டிவிடும், திரை ஒரு கணம் நிற்கும். கொலபோரா நிறுவனத்தின் ஆந்த்ரே அல்மெய்டா இதற்கென்றே கெர்னலில் ஒரு புதிய அழைப்பை எழுதினார். பல முறை திருத்தி அனுப்பி, கடைசியில் 2022 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.16இல் அது இடம்பிடித்தது. அடுத்த மாதம் வால்வின் கைக்கடக்கமான விளையாட்டுக் கருவி ஸ்டீம் டெக் கடைக்கு வந்தது.

உலகத்தின் வங்கிகளும் விமான நிலையங்களும் நம்பியிருக்கும் கெர்னலில், விளையாட்டு திக்கக் கூடாது என்பதற்காக ஒரு புதிய கதவு திறக்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. (எல்லா விளையாட்டும் லினக்ஸில் ஓடிவிடாது. கெர்னலுக்குள்ளேயே புகுந்து கண்காணிக்கும் ஆன்ட்டி-சீட் மென்பொருள்கள் குறுக்கே நிற்கின்றன. அது தனியாக ஒரு வாரம் பேச வேண்டியது.)

இதற்கு அடுத்து நடந்ததுதான் என் வேலையை நேராகத் தொடுகிறது. 2024 இறுதியில் வந்த லினக்ஸ் 6.12இல், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே ஷெட்யூலரைக் கழற்றி மாட்டும் வசதி சேர்ந்தது. அதற்காக எழுதப்பட்டவற்றில் ஒன்று லாவ்டு. இகாலியா நிறுவனத்தின் சாங்வூ மின், ஸ்டீம் டெக்கை மனத்தில் வைத்து எழுதியது. எந்த த்ரெட் தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் மற்றவையெல்லாம் சேர்ந்து நிற்கும் என்று பார்த்து, அதை முன்னால் விடுகிறது. விளையாட்டுக்கென்று எழுதிய இந்த ஷெட்யூலரைப் பெரிய சர்வர்களில் ஓட்டுவது எப்படி என்று 2025இல் மெட்டா நிறுவனப் பொறியாளர்கள் ஒரு மாநாட்டில் விளக்கினார்கள். கொலிவாஸ் அன்று குறைபட்டுக்கொண்ட அதே சர்வர் உலகம், விளையாட்டுக்காரர்களின் விடையை இப்போது வாங்கிப் பார்க்கிறது.

நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் ரவுண்ட் ராபினைச் சி நிரலாக எழுதி, சராசரியை அச்சிட்டு, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதோடு இன்னொரு பயிற்சியும் சேர்க்கலாம். லாவ்டின் மூல நிரல் யாரும் எடுக்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. மாணவர்கள் ஒரு லினக்ஸ் கணினியில் ஏதாவதொரு விளையாட்டை ஓடவிட்டு, பின்னணியில் கெர்னலைக் கம்பைல் செய்யட்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி விநாடி ஆனது என்று பதிவு செய்யட்டும். பிறகு ஷெட்யூலரை மாற்றி மறுபடி ஓடவிடட்டும். புதிய ஷெட்யூலர் பிழை செய்தாலும் கெர்னல் அதைத் தூக்கிவிட்டுப் பழையதற்குத் திரும்பிக்கொள்ளும்; கணினிக்கு ஒன்றும் ஆகாது. ரெக்கார்டில் சராசரியோடு, மிக மோசமான ஃபிரேமின் நேரத்தையும் எழுதி, அந்தக் கணத்தில் எந்த ப்ராசஸ் எதற்காகக் காத்திருந்தது என்று கண்டுபிடித்தால்தான் கையெழுத்து என்று வைக்கலாம்.