தேய்ந்த எழுத்தும் தேய்த்த எழுத்தும்

எழுத்து தேய்வதற்கு ஒரு காரணம் வேண்டும். ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து வார்க்கப்பட்ட அச்செழுத்து, ஆயிரக்கணக்கான தடவை அழுத்தப்பட்டு மழுங்குகின்றது. கைதவறி விழுந்து முனை முறிகின்றது. உலர்ந்த மையினால் அதன் உட்குழிவு அடைபடுகின்றது. புதிய எழுத்து வாங்க வசதியற்ற அச்சுக்கூடம் அதனையே மீண்டும் கோக்கின்றது. எனவே தாளில் விழும் சிதைவு உழைப்பின் சுவடு. பெரும்பாலும் வறுமையின் சுவடுமாகும். அச்சுக்கோப்பாளர் எவரும் அதனை விரும்பி வரவேற்றதில்லை.

அவ்வாறிருக்க, இன்று நூல் அட்டைகளிலும் சாராயப் போத்தல்களிலும் உடுப்புகளிலும் திரைப்படத் தலைப்புகளிலும், பிறக்கும்போதே மூப்பெய்திய எழுத்துகள் மலிந்து கிடக்கின்றன. ஓரம் அரிக்கப்பட்டு, உடலெங்கும் புள்ளி விழுந்து, கீறலோடிய தலைப்பெழுத்துகள் இவை. பழைமையின் சுவையையும் உண்மையின் சாயலையும் இவை தருகின்றன என்பர் இவற்றின் ஆதரவாளர். எதனுடைய உண்மை என்னும் வினாவை மட்டும் அவர்கள் எழுப்புவதில்லை.

இவ்வழக்கத்தின் மூதாதையர் வரிசையில் ஓர் எழுத்துரு தனித்து நோக்கற்பாலது. சிக்காகோ நகரின் 'பாண்ஹார்ட் சகோதரர்களும் ஸ்பின்ட்லரும்' என்னும் வார்ப்பு நிறுவனம், பேர்ண் நடால் வரைந்த எழுத்துருவொன்றை 1890களில் வெளியிட்டது. விளிம்புகள் நெளிந்து மழுங்கிய அதற்குச் சூட்டிய பெயர் '15ஆம் நூற்றாண்டு'. 1920களில் அதே எழுத்து 'கஸ்லன் அன்ரிக்' என்ற புதுப்பெயரோடு விற்பனைக்கு வந்தது. வில்லியம் கஸ்லன் (1692-1766) இலண்டனில் வாழ்ந்த எழுத்து வார்ப்பாளர். 1776இல் வெளியான அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் அச்சுப்படி அவர் எழுத்திலேயே கோக்கப்பட்டது. நடாலின் எழுத்தை அவர் கண்டதுமில்லை, காண இயலவுமில்லை. பெயர் மாறியதும் முந்நூறாண்டு இளமை பெற்றுவிட்ட பழைமை இது! பின்னர் 1985இல் இலண்டனில் அரங்கேறிய, விக்ரர் ஹியூகோவின் நாவலைத் தழுவிய இசைநாடகத்தின் விளம்பரங்களையும் இதே எழுத்து அலங்கரித்தது. அங்கே அது 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சாயிற்று. எக்காலத்துக்கும் வாடகைக்குப் போகும் எழுத்து எக்காலத்தையும் சேர்ந்ததன்று. அக்கால அச்சிற் காணப்படும் கரடுமுரடுக்கோ, ஈரமாக்கிய கைத்தாளில் மை பரவியமை பெருங்காரணம். விபத்தை வடிவமெனக் கொண்டோர், வார்த்தவரின் உண்மையான வடிவத்தை மறந்தே போயினர்.

மெய்த் தேய்வுக்கும் பொய்த் தேய்வுக்குமுள்ள வேறுபாடு வெறும் மனவுணர்ச்சி சார்ந்ததன்று. ஈய அச்சில், ஒரு பக்கத்திலுள்ள பத்து அகரங்களும் பத்துத் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றும் தன் வழியிலே தேய்ந்தது. 1623இல் வெளிவந்த சேக்சுபியர் நாடகத் தொகுதியில், பழுதுற்ற எழுத்துத் துண்டுகளைப் பக்கந்தோறும் பின்தொடர்ந்தே, அந்நூல் எவ்வொழுங்கிற் கோக்கப்பட்டதென்பதைச் சாள்ற்றன் ஹின்மன் 1963இல் வெளியான தமது ஆய்வில் நிறுவினார். முறிந்த எழுத்து அங்கே சாட்சி சொல்லிற்று. கணினியின் போலி எழுத்துருவிலோ, பொதுவாக, ஒரே கீறல் ஒவ்வோர் அகரத்திலும் ஒரே இடத்தில் விழுகின்றது. அது எதற்குச் சாட்சி?

இக்கேள்வியை நேர்மையாக எதிர்கொண்டோரும் உளர். ஒல்லாந்தரான எரிக் வான் புளொக்லாண்டும் யுஸ்ற் வான் றொசுமும் 1989 அளவில் ஆக்கிய எழுத்துரு, அச்சிடுந்தோறும் தன் விளிம்பை மாற்றிக்கொண்டது. அது முதுமை வேடம் பூணவில்லை. கணினியின் ஆற்றலையே சோதித்தது. முன்னவர் 1991இல் வெளியிட்ட 'ட்ரிக்சி' உண்மையான தட்டச்சுப் பதிவொன்றிலிருந்து பெறப்பட்டது. இவற்றைக் கண்டிக்க வேண்டியதில்லை. கண்டிக்கத்தக்கது, பிறர் பட்ட இன்னலை உருவமாக மட்டும் எடுத்து விலைப்பண்டமாக்கும் வணிகமே. 1968 மே மாதத்தில் பாரிசு நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர் 'மக்கள் பட்டறை' அமைத்துப் பட்டுத்திரை அச்சிற் சுவரொட்டிகள் வெளியிட்டனர். அவசரமும் வசதியின்மையுமே அவ்வெழுத்துகளை முரடாக்கின. அவற்றை அலங்காரப் பொருளாக்குதல் அவற்றின் பணியைக் கெடுப்பதாகுமென அவர்களே எச்சரித்திருந்தனர். இன்று அதே முரட்டுத்தனம், போராட்டம் நீக்கப்பட்டு, காற்சட்டை விற்கின்றது.

'யாரும் ஏமாறுவதில்லை, இது வேடமென எல்லோரும் அறிவர்' என்பது அடுத்த வாதம். அப்படியாயின் இழப்பு இன்னும் பெரிது. மெய்யான சிதைவைக் காணும் கண்ணும் அதனை வேடமென்றே கடந்துபோகும்.

தமிழில் இது வெறும் இரசனைப் பிரச்சினையுமன்று. உரோமன் எழுத்தில் ஒரு குற்று உதிர்ந்தாற் சொல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தமிழில் ஒரு புள்ளி உதிர்ந்தால் 'கல்' என்பது 'கல' ஆகும். வேண்டாத துகளொன்று தலைமேல் விழுந்தால் 'பல' என்பது 'பல்' ஆகும். புள்ளியிடாத ஏடுகளோடு மல்லாடிய பதிப்பாசிரியர்கள் இத்துன்பத்தை நன்கறிவர். யாழ்ப்பாணம் தந்த சி.வை. தாமோதரம்பிள்ளை (1832-1901), தொட்டவுடன் நொறுங்கும் சுவடிகளைக் கண்டு வருந்தி, அவை அழியுமுன் அச்சேற்ற விரைந்தார். அவர் விரட்டிய செல்லரிப்பை, இன்றைய வடிவமைப்பாளர் கணினியில் அமர்ந்து, பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தின் மீதும் தூவிக்கொண்டிருக்கின்றார்.