கழுவிய பின் என்ன மிச்சம்?

தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஏற்றும் சிபாப் மெஷின் வாங்கும் நாளில் இரண்டு பில் போடுவார்கள். முதல் பில் மெஷினுக்கு. அதைக் கட்டி முடித்து, மாஸ்க் மாட்டும் விதத்தையும் காட்டிய பிறகு, "க்ளீனிங்குக்கு என்ன எடுத்துக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே கவுன்டரின் மேல் ஒவ்வொன்றாக வைப்பார்கள். வாசனை போட்ட வைப்ஸ், மாஸ்க்குக்கென்றே தயாரித்த ஸ்ப்ரே, டியூபுக்குள் விட்டுத் தேய்க்க நீளமான பிரஷ், கிருமிநாசினி, கடைசியாக ஓர் ஓசோன் பெட்டி. வந்திருப்பது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டு பயந்துபோன குடும்பம். எது தேவை, எது தேவையில்லை என்று கேட்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு சிபாப். கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கும் வேலை என்னுடையது. இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு பொருள் எவ்வளவு அழுக்கைப் போக்கும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்த பிறகு அது எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் ஒட்டிய சோப்பு வாசனை ஒரு வேளையோடு போய்விடும். மாஸ்க்கில் தங்கியது இரவு முழுக்க மூச்சோடு உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

சமீபத்தில் மதுரையிலிருந்து சித்தி போன் செய்தார். "அமெரிக்காவுல இருக்கற பெரியவன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கான்டி. மாஸ்க்கை உள்ளே வச்சு மூடினாப் போதும், தண்ணியே வேண்டாமாம். ஆனா எடுத்தா ஒரு மாதிரி நெடி அடிக்குது. சித்தப்பா இருமிக்கிட்டே இருக்கார்."

அது ஓசோன் பெட்டி. ஓசோன் கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. அதே வாயு நுரையீரலையும் எரிச்சலூட்டும். மருத்துவக் கருவிகளிலிருந்து வெளிவரும் ஓசோன், பத்து லட்சம் பங்கு காற்றில் 0.05 பங்குக்கு மேல் சேரக் கூடாது என்பது அமெரிக்க விதி. கிருமியைக் கொல்லும் அளவுக்கு ஓசோன் வேண்டுமென்றால், அது மனிதர்கள் தாங்கும் அளவைவிட மிக அதிகமாக இருந்தாக வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, சிபாப் கருவிகளைச் சுத்தப்படுத்த விற்கப்படும் ஓசோன், புற ஊதாக் கதிர்ப் பெட்டிகள் பற்றி மக்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அப்போது சந்தையில் இருந்த பெட்டிகள் எதுவும் அதன் அனுமதி பெற்றவை அல்ல. இருமல், மூச்சுத் திணறல், மூக்கெரிச்சல், தலைவலி, ஆஸ்துமா என்று பயனாளர்களிடமிருந்து புகார்களும் அதற்கு வந்திருந்தன. புற ஊதாக் கதிரின் குறை வேறு மாதிரியானது. வெளிச்சம் படுகிற இடத்தில்தான் அது வேலை செய்யும். மாஸ்க்கின் மடிப்புக்குள்ளும் டியூபின் வளைவுக்குள்ளும் போகாது.

2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான சிபாப் கருவிகளையும் அதைப் போன்ற பைபாப் கருவிகளையும் திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். சத்தத்தைக் குறைப்பதற்காக உள்ளே வைத்திருந்த பாலியூரித்தேன் நுரை சிதைந்து, அதன் துகள்கள் மூச்சுக்காற்றில் கலக்கக்கூடும் என்பது காரணம். ஓசோனால் சுத்தப்படுத்துவது அந்தச் சிதைவை அதிகப்படுத்தக்கூடும் என்றும் அந்த நிறுவனம் அப்போது சொன்னது. சித்தப்பாவின் இருமலுக்குப் பெட்டிதான் காரணமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை பெட்டியை அலமாரியில் வையுங்கள் சித்தி, பழையபடி தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள் என்றேன். மகன் பாசத்தோடு அனுப்பியதை ஒதுக்கி வைப்பது அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

சரி, எந்தச் சோப்பு? நம் வீடுகளில் நோயாளிக்கான பொருள் என்றாலே கை தானாக டெட்டால் பாட்டிலுக்குப் போகும். வேண்டாம். ப்ளீச்சும், ஸ்பிரிட்டும், கிருமிநாசினிச் சோப்பும், வாசனைத் தைலங்களும் கூடாது என்று கருவிகளோடு வரும் கையேடுகளே சொல்கின்றன. அவை பிளாஸ்டிக்கையும் சிலிக்கானையும் கெடுக்கும், வாசனையையும் விட்டுச்செல்லும். குழந்தைகளுக்கான சோப்பு மென்மையானதுதானே என்று தோன்றும். அதில் வாசனையும், தோலை மிருதுவாக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்த்திருப்பார்கள். குழந்தையின் தோலுக்கு அது நல்லது, மாஸ்க்குக்கு நல்லதல்ல.

எண்ணெய்ப் பசையை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், மாஸ்க் முகத்தில் நிற்பதே அதைப் பொறுத்துத்தான். இந்தச் சிகிச்சையை 1980-இல் சிட்னியில் முதலில் செய்து பார்த்த காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் மாஸ்க்கைச் சிலிக்கான் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள். ஐந்து நோயாளிகளுக்குச் செய்ததை 1981-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். இன்று பசை கிடையாது. மெல்லிய சிலிக்கான் விளிம்பு தோலோடு படிந்து நிற்பது மட்டும்தான் காற்றைத் தடுக்கிறது. இடையில் எண்ணெய் இருந்தால் அது வழுக்கும், காற்று கண்ணுக்குள் அடிக்கும், தூங்குகிறவர் எரிச்சலில் கழற்றி எறிந்துவிடுவார். அப்பா ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கிற பழக்கம் உள்ளவர். எண்ணெய் நெற்றியில் வழிந்து, ஸ்ட்ராப்பில் ஊறி, முகத்தில் படியும் மாஸ்க்கின் சிலிக்கான் குஷனுக்கு வந்துவிடும். "எண்ணெய் காலையில தேச்சுக்கலாம்பா" என்று கெஞ்சி மாற்ற வேண்டியிருந்தது. படுக்கும் முன் முகத்தை நன்றாகக் கழுவிக்கொள்வதற்குச் செலவே கிடையாது. எந்த ஸ்ப்ரேயையும்விட அதற்குப் பலன் அதிகம்.

உப்புத் தண்ணீர் வருகிற ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். போர்வெல் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது, கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகிவிடும். அந்தப் படலம் மாஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். அதனால் வாசனையும் நிறமும் சேர்க்காத, பாத்திரம் கழுவும் மென்மையான லிக்விட் ஒரு சொட்டு போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கலந்து விரலாலேயே தேய்க்கலாம். கடைசியாக அலசுவதற்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். குஷனைத் தினமும், டியூபையும் தண்ணீர்த் தொட்டியையும் வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும். சளி, காய்ச்சல் வந்த நாட்களில் எல்லாவற்றையும் தினமும் கழுவுவது நல்லது. நுரையீரல் நோய் உள்ளவர்களும், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் இன்னும் கூடுதலாக என்ன செய்ய வேண்டும் என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரில், அதாவது அந்தத் தண்ணீர்த் தொட்டியில், ஊற்றும் தண்ணீரைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள். கையேடு டிஸ்டில்டு வாட்டர் என்கிறது. நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வருவது பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் அடுக்கியிருக்கும் கேன்தான். இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற அதே தண்ணீரை இதற்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பேட்டரித் தகட்டில் உப்புப் படியக் கூடாது என்பதற்காகத் தயாரித்தது அது. மனிதர் மூச்சுக்கென்று யாரும் அதை நிரப்புவதில்லை. சர்ஜிகல் கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டால் கிடைக்கும். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். குளுக்கோஸ் ஏற்றும் பாட்டிலைப் போன்றே இருக்கும் பாட்டில்களில் ஸ்டெரைல் வாட்டரும் வரும், நார்மல் சலைனும் வரும். சலைன் என்பது 0.9 சதவீத உப்பு நீர். தொட்டியில் அதை ஊற்றினால் உப்பு முழுக்கச் சூடேறும் தட்டில் படியும்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனாலும் கொஞ்சம் இருக்கும். சுவைக்காக மினரல் சேர்த்துக் கொடுக்கும் ஆர்ஓ மெஷின்களும் உண்டு. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோன இரவில் காய்ச்சி ஆறவைத்த ஆர்ஓ தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கலாம், வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். எந்தத் தண்ணீராக இருந்தாலும் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வெதுவெதுப்பாக நாள் முழுக்கத் தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும். வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டால் மளிகைக் கடை வினிகரே அதைக் கரைக்கும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நெடி போகும்வரை அலச வேண்டும். உங்கள் கருவியின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஜலதோஷம் பிடித்தால் அந்தத் தொட்டியில் இரண்டு சொட்டு யூகலிப்டஸ் தைலம் விடுகிற வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. ஆவி பிடிப்பது போலத்தானே என்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆவி பிடிப்பது சில நிமிடம், தாங்கவில்லை என்றால் தலையை எடுத்துவிடலாம். இங்கே தூங்குகிறவரின் மூக்கில் காற்றை அழுத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறது ஒரு கருவி. தைலம் தொட்டியையும் கெடுக்கும், டியூபில் ஊறிய நெடி பல நாள் போகாது.

துடைக்கும் துணிக்கும் யோசனை வேண்டும். தேங்காய்ப்பூ துண்டு நூலை உதிர்க்கும், அந்த இழை குஷனில் ஒட்டும். பழகி மெலிந்த குற்றாலத் துண்டு போதும். டியூபைத் துடைக்க முடியாது, நிழலில் கொடியில் தொங்கவிட வேண்டும். சுள்ளென்று வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் விறைத்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது. அப்போது காலையிலேயே கழுவித் தொங்கவிட்டு, இரவு தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் டியூபை மட்டும் மெஷினில் மாட்டிக் கொஞ்ச நேரம் காற்றை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். பிரஷ் வாங்குவதானால் டியூபின் அளவைப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய டியூபுகள் 15 மில்லிமீட்டர், சாதாரண டியூபுகள் 22 மில்லிமீட்டர் அளவில் வருகின்றன. மெல்லியதில் பெரிய பிரஷைத் திணித்தால் உட்புறம் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். சோப்புத் தண்ணீரை டியூபுக்குள் விட்டு இரு முனையையும் பிடித்துக் குலுக்கினாலே பெரும்பாலும் போதும்.

வைப்ஸ் பயணத்துக்கு மட்டும். அதிலும் ஸ்பிரிட்டும் வாசனையும் இல்லாததாகப் பாருங்கள்.

ஃபில்டரைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவதில்லை, எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. மெஷின் உறிஞ்சுவது அந்த அறையின் காற்றைத்தான். ரெஸ்மெட் நிறுவனக் கருவிகளின் ஃபில்டரைக் கழுவக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு என்றால் அதற்கு முன்பே கறுத்துவிடும். சில கருவிகளில் கழுவக்கூடிய ஃபில்டர் ஒன்று தனியாக இருக்கும். எதுவானாலும் அது தூசியைத் தடுக்கும் அளவுக்குப் புகையைத் தடுக்காது. மெஷின் ஓடும் அறையில் கொசுவத்திச் சுருள் ஏற்றாதீர்கள், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி போட்டால் கதவைத் திறந்துவிட்டு, புகை முழுக்கப் போன பிறகு படுக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு மாஸ்க், ஒரு டியூப், ஆறு மாதத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி என்று ஒரு அட்டவணையைச் சில இடங்களில் நீட்டுவார்கள். அது அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதிதுக்குப் பணம் தரும் என்பதற்கான கணக்கு. பொருள் கெட்டுப்போகும் தேதி அல்ல. இங்கே கைக்காசு போட்டு வாங்குகிறவர்கள் பொருளைப் பார்த்து முடிவு செய்யலாம். குஷன் மஞ்சளடித்துத் தொளதொளவென்று ஆனாலோ, விளிம்பு கிழிந்தாலோ, கழுவிய பிறகும் வழுவழுப்பு போகாவிட்டாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஸ்ப்ரேக்கும் பெட்டிக்கும் போகிற பணத்தைச் சேர்த்தால் புதுக் குஷனும் ஃபில்டரும் வாங்கிவிடலாம்.

குஷனை மட்டும் தனியாக விற்பார்கள், முழு மாஸ்க்கும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் மாடல் பெயரும் அளவும் தெரியாமல் போனால் முழு செட்டைத்தான் தலையில் கட்டுவார்கள். எஸ், எம், எல் என்று அளவு பெரும்பாலும் குஷனிலேயே அச்சாகியிருக்கும். பழையதைத் தூக்கிப்போடும் முன் அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.