கட்டில் கைப்பிடி

அக்கா மகள் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வருஷமாக ஐசியூ. போன வாரம் நைட் டூட்டி முடித்து, பெரம்பலூரில் பஸ் மாறிக் குன்னம் வந்து இறங்கினாள். வாசலில் கூப்பிட்டேன். கழுத்து திரும்பவில்லை, மொத்த உடம்பும் திரும்பியது.

"என்னம்மா, சுளுக்கா?"

"சுளுக்குன்னா ரெண்டு நாள்ல போயிடும் மாமா. இது மூணு வருஷமா இருக்கு."

அக்கா கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் குனிந்து வெங்காயம், பருத்தி. ராத்திரி விளக்கெண்ணெய் போட்டு ஒரு நீவல். எங்கள் பக்கத்துப் பெண்களின் கழுத்துக் கதை இதுதான். மகள் படித்தால் இந்தக் குனிவு போய்விடும் என்று நம்பியிருந்தோம்.

ஐசியூவிலும் குனிவுதான். வென்டிலேட்டரில் கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நினைவில்லாத உடம்பு கனக்கும். நடுவில் சளி உறிஞ்ச வேண்டும். கட்டிலடியில் தொங்கும் யூரின் பையின் அளவை மணிக்கு மணி குனிந்து பார்க்க வேண்டும். நிமிர்ந்தால் மானிட்டர் தலைக்கு மேலே.

"கட்டிலை ஏத்திக்கலாமே?" என்றேன். சிரித்தாள். கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு, சுற்றினால் கட்டில் ஏற வேண்டும். பாதிச் சுற்றில் மாட்டிக்கொள்கிறதாம். எழுதிக் கொடுத்து எட்டு மாதமாகிறது.

நிமிர்ந்து நிற்கையில் தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பில் 27 கிலோ அளவுக்குச் சுமை ஏறும் என்று 2014-இல் நியூயார்க் மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். செல்போன்காரர்களுக்காகப் போட்ட கணக்கு அது. செல்போனைக் கீழே வைத்துவிடலாம்; நோயாளியை என்ன செய்ய?

கழுத்து வலிக்காரர்களிடம் கேட்க 1991-இல் வந்த 10 கேள்விகள் இன்றும் பல நாடுகளில் புழங்குகின்றன. வலி எவ்வளவு என்பது அதில் ஒரு கேள்விதான். மற்றவை தூக்கம், வாசிப்பு, வேலை, வண்டி ஓட்டுவது என்று போகும். சும்மா அவளிடம் கேட்டுப் பார்த்தேன். தூக்கம்: தலையணையை விட்டுப் பழைய புடவையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். வண்டி: ஸ்கூட்டியை விற்றாயிற்று. அரியலூர் ரோட்டில் பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. எடை தூக்குவது என்ற கேள்வி வந்ததும் பேச்சு நின்றது. அவளுடைய நாலு வயசுப் பையன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவர்கள் வார்டுச் சுவரில் கழுத்துப் பயிற்சிப் படம் ஒட்டியிருக்கிறதாம். ஒட்டியவர் நல்ல மனசுக்காரராக இருக்கலாம். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது முறை. இவளுக்கு ராத்திரியில் மூன்று பேர். புரட்டுவதற்கு இன்னொரு ஜோடிக் கை கொடுக்காமல் படம் ஒட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. அவள் வார்டிலும் நாற்காலி இருக்கிறது. உட்காரத்தான் நேரமில்லை.

சாப்பிட்டு வந்தவள், அம்மாவின் வெங்காய முறத்தை எடுத்துத் திண்ணை மேல் வைத்தாள். அம்மாவைக் கீழ்ப்படியில் உட்காரச் சொன்னாள். முறம் நெஞ்சு உயரத்துக்கு வந்தது.

"இப்ப குனிய வேணாம்ல?"

அக்கா இரண்டு தாள் அறுத்துப் பார்த்தாள். "நீ போய்ப் படு. சாயங்காலம் பஸ் இருக்கு."